டிரேஸ்டுகெதர்: செயலி முந்தியது, சட்டம் பிந்தியது

ஒரு கைத்தொலைபேசிச் செயலியை உருவாக்கி மக்கள் கையில் கொடுக்க எவ்வளவு காலம் பிடிக்கும்? சிங்கப்பூரில் முதல் கொவிட்-19 நோயாளி அடையாளம் காணப்பட்டது 2020 ஜனவரி 23ஆம் தேதி. டிரேஸ்டுகெதர் செயலி வெளியானது மார்ச் 20ஆம் தேதி. இடையில் கழிந்தது எட்டே வாரம். ஆனால், அந்தச் செயலியின் பேரில் மக்களுக்குத் தரப்பட்ட ஒரு வாக்கு சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு மேலும் பத்து மாதங்களுக்கு மேல் ஆனது.

செயலி வருவதற்கு முன்பு தொடர்புத் தடமறிதல் முழுக்க முழுக்க மனித நினைவை நம்பியிருந்தது. காய்ச்சலோடு படுத்திருப்பவரிடம், "கடந்த இரண்டு வாரத்தில் எங்கே போனீர்கள், யாரோடு பேசினீர்கள்?" என்று கேட்க வேண்டும். வீட்டாரையும் நண்பரையும் சொல்லிவிடுவார். பேருந்தில் பக்கத்தில் நின்றவரின் பெயரை எப்படிச் சொல்வார்? அந்த இடைவெளியை நிரப்பத்தான் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் பொறியாளர்கள் புளூடூத்தைக் கையில் எடுத்தார்கள்.

அவர்கள் வகுத்த முறையைப் பாராட்டத்தான் வேண்டும். அருகருகே இருக்கும் இரண்டு தொலைபேசிகள், அடிக்கடி மாறும் தற்காலிக அடையாள எண்களைப் பரிமாறிக்கொள்ளும். எந்த இடத்தில் சந்தித்தார்கள் என்பது பதிவாகாது. பதிவுகள் அவரவர் தொலைபேசியிலேயே இருந்து 25 நாளில் அழிந்துவிடும். தொற்று உறுதியானால்தான் சுகாதார அமைச்சு அவற்றைக் கேட்டு வாங்கும். ஏப்ரலில் செயலியின் மூல நிரலையே உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள்.

சிக்கல் ஐபோன் வடிவில் வந்தது. பின்னணியில் இயங்கும் செயலி புளூடூத்தை விருப்பம்போலப் பயன்படுத்த ஆப்பிள் விடவில்லை. ஆகவே, செயலியைத் திரையில் திறந்தபடியே வைத்திருக்க வேண்டும் என்று பயனீட்டாளர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கிறவரிடம் இது எத்தனை நாளைக்குச் செல்லுபடியாகும்? மின்கலம் சீக்கிரம் தீர்கிறது என்ற முணுமுணுப்பும் சேர்ந்துகொண்டது. ஆப்பிளும் கூகளும் அந்த ஏப்ரலிலேயே தங்கள் பொது ஏற்பாட்டை அறிவித்தன. அதைப் பயன்படுத்தினால் யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பது தடமறியும் அதிகாரிகளுக்குத் தெரியாது என்பதால் சிங்கப்பூர் அதை ஏற்கவில்லை.

அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறிய கருவி. 2020 ஜூனில் இத்திட்டம் அறிவிக்கப்பட்டதும் 50,000க்கும் மேற்பட்டோர் இணையத்தில் எதிர்ப்பு மனுவில் ஒப்பமிட்டார்கள். அறிவார்ந்த தேசத் திட்டத்துக்குப் பொறுப்பு வகித்த அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், தகவல்கள் தடமறிதலுக்கு மட்டுமே பயன்படும் என்று உறுதியளித்தார். மாத இறுதியில் முதியோருக்கும் செப்டம்பரில் மற்றவர்களுக்கும் கருவி கிடைக்கத் தொடங்கியது. விடுதிகளில் தங்கியிருந்த தமிழகத்து, பங்ளாதேஷ் ஊழியர்களுக்கோ அந்த ஜூனிலேயே செயலி கட்டாயமாகிவிட்டது. வேண்டுமா வேண்டாமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு வேகம் கூடியது. 70 விழுக்காட்டினர் சேர்ந்தால்தான் கட்டுப்பாடுகள் தளரும் என்றது அரசாங்கம். சமூக மன்றங்களில் வரிசை நீண்டது. 2021 ஜனவரி தொடக்கத்தில் 42 லட்சம் பேர், அதாவது குடியிருப்போரில் 78 விழுக்காட்டினர், சேர்ந்துவிட்டார்கள்.

சரியாக அந்த நேரத்தில்தான் அடி விழுந்தது. ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் எழுந்த ஒரு கேள்விக்கு உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான் பதிலளித்தார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் குற்ற விசாரணைக்காக எந்தத் தகவலையும் கேட்டுப்பெறும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டு. டிரேஸ்டுகெதர் தகவலும் அதில் அடக்கம் என்றார். மறுநாள் அமைச்சர் பாலகிருஷ்ணன், ஜூனில் தாம் பேசியபோது அந்தச் சட்டம் தமது நினைவுக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரு கொலை வழக்கில் இந்த அதிகாரம் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருந்தது.

இங்கே பொறியாளர்களைக் குறைசொல்ல இடமில்லை. நிரலில் ஓட்டை இருக்கவில்லை. அந்தச் சட்டம் செயலிக்கு முன்பிருந்தே இருந்தது. திட்டம் தொடங்கிய நாளில், "இந்தத் தகவலை வேறு யார் கேட்க முடியும்?" என்று ஒரு வழக்கறிஞரை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அன்றே விடை கிடைத்திருக்கும்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். சிங்கப்பூர் திறந்துவிட்ட அதே நிரலை அடிப்படையாகக் கொண்டு 2020 ஏப்ரல் 26ஆம் தேதி கொவிட்சேஃப் என்ற செயலியை அந்நாடு வெளியிட்டது. அடுத்த மாதமே, தகவலைக் காவல்துறை தொடக் கூடாது என்று நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றிவிட்டது. எழுபது லட்சம் பேருக்கு மேல் பதிவிறக்கம் செய்தார்கள். ஆனாலும் 2022 ஆகஸ்டில் அச்செயலி மூடப்பட்டபோது, மனிதத் தடமறிவோர் தவறவிட்டவர்களில் அது கண்டுபிடித்த நோயாளிகள் இரண்டே பேர் என்று சுகாதார அமைச்சர் அறிவித்தார். நல்ல சட்டம் இருந்தும் செயலி அங்கே கைகொடுக்கவில்லை.

சிங்கப்பூரில் அவசர மசோதா 2021 பிப்ரவரி 2ஆம் தேதி நிறைவேறியது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல், பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே காவல்துறை தகவலைக் கேட்கலாம். மீறிப் பயன்படுத்துவோருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நெருக்கடி முடிந்ததும் தகவல் அழிக்கப்பட வேண்டும் என்பதும் சட்டத்தில் சேர்ந்தது.

அதன்படியே நடந்தது. 2023 பிப்ரவரி 13ஆம் தேதி முதல் ஒரு மாத காலம், மக்கள் தங்கள் கருவிகளைச் சமூக மன்றங்களில் திருப்பிக் கொடுத்தார்கள். மக்களை அடையாளம் காட்டக்கூடிய தகவல்கள் அழிக்கப்பட்டன. அந்த ஒரு கொலை வழக்குக்கு உரிய பதிவு மட்டும், காலவரையின்றி வைத்திருக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.