புறக்கடைக் கோழிகளின் பகைகளும் காப்பும்

பகலில் கொல்லையிலும் தோட்டத்திலும் மேயவிட்டு, பொழுது சாய்ந்ததும் கூட்டில் அடைத்து வளர்ப்பது புறக்கடைக் கோழி வளர்ப்பு. மேய்ச்சலில் கிடைக்கும் பூச்சியும் புழுவும் தீவனச் செலவைக் குறைக்கின்றன. அதே மேய்ச்சல்தான் கோழியைப் பூனை, கீரி, நாய், பருந்து ஆகியவற்றின் கண்ணில் காட்டிக்கொடுக்கிறது. புதிதாகக் கோழி வாங்குவோர் தடுப்பூசியைப் பற்றி விசாரிக்கும் அளவுக்குக் கூட்டுக் கதவைப் பற்றி விசாரிப்பதில்லை. முதல் மாதத்திலேயே பாதிக் கோழியை இழந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இது பழைய பகை. குறுந்தொகை 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலையில் வேலியோரம் வெருகு வந்ததைக் கண்ட வீட்டுப் பேடை, போக்கிடம் அறியாமல் தன் குஞ்சுகளைக் கூவி அழைப்பதைக் காட்டுகிறார். வேலி, அந்திப்பொழுது, வெருகு என அந்தக் காட்சியில் இன்றும் எதுவும் மாறவில்லை. வெருகு என்பது காட்டுப்பூனை. வீட்டுப்பூனையைவிடப் பெரிய உடலும் நீண்ட கால்களும் குட்டையான வாலும் கொண்டது. கரும்புத் தோட்டத்திலும் ஏரிக்கரைப் புதரிலும் பதுங்கும். வளர்ந்த கோழியையும் கவ்விக்கொண்டு வேலி தாண்டிவிடும்.

வீட்டுப்பூனை அப்படியல்ல. முழு வளர்ச்சி பெற்ற நாட்டுக்கோழியை அது பெரும்பாலும் சீண்டாது. குஞ்சுகள்தாம் அதன் இலக்கு. தாய்க்கோழி சிறகை விரித்துச் சீறிப் பாய்ந்தால் பூனை பின்வாங்கும். எனவே 21 நாள் அடைகாத்துத் தாய் பொரித்த குஞ்சுகளுக்கு ஒரு காவல் இருக்கிறது. பொரிப்பகத்தில் வாங்கிவந்த குஞ்சுகளுக்கு அது இல்லை. அவற்றை இரண்டு மாதமாவது மேல்மூடியுள்ள வலைக்குள் வைத்தே வளர்க்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் வலை கட்டி மேலே திறந்துவிடுவது பூனைக்குக் கதவு திறந்து வைப்பதற்குச் சமம்.

இழப்பு நேர்ந்தபின் தடயத்தைப் பார்ப்பது அவசியம். வந்தது எது என்று தெரியாமல் கட்டும் காப்பு வீணாகும். பல கோழிகள் கொல்லப்பட்டு, தின்னப்படாமல் இறகு சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் தெருநாய். கூட்டுக்குள் ஒரே இரவில் நாலைந்து கோழிகள் கழுத்துக் கடிபட்டுக் கிடந்தால், ஓட்டுச் சந்தில் இறங்கும் மரநாயைச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு கோழி மறைந்து, வேலிவரை இறகுத் தடம் போனால் வெருகு. கீரி பகலில் வேட்டையாடுவது. புதரோரம் மேயும் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் குறைக்கும், முட்டையையும் உடைத்துக் குடிக்கும். முட்டை ஓடுகூட மிச்சமில்லாமல் போனால் பாம்பு நினைவுக்கு வர வேண்டும். இருட்டில் முட்டைக் கூடைக்குள் வெறுங்கையை விடுவது ஆபத்து. விளக்கடித்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பெருச்சாளி வளை தோண்டி வந்து குஞ்சின் காலைக் கடித்து இழுக்கும். இந்தத் தடயங்கள் எப்போதும் தெளிவாக அமைவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்; நாய் கொன்றதைக் கீரி வந்து தின்றிருக்கலாம்.

பகலில் ஆபத்து வானிலிருந்தும் வருகிறது. காகமும் பருந்தும் வல்லூறும் சிறு குஞ்சுகளைத் தூக்கும். கோழிகளுக்கு இதற்கென்று தனிக் குரலே உண்டு. பருந்தைக் கண்ட சேவல் மெல்லிய நீண்ட ஒலி எழுப்பும். தரையில் நாயையோ பூனையையோ கண்டால் விட்டுவிட்டுக் கொக்கரிக்கும். 1993இல் வெளியான எவான்ஸ், மார்லர் முதலியோரின் ஆய்வு, குரலை மட்டும் கேட்ட கோழிகளும் அதற்கேற்ப நடந்துகொள்வதைக் காட்டியது: முதல் குரலுக்குப் பதுங்கி அண்ணாந்து பார்த்தன, இரண்டாவதற்குக் கழுத்தை நிமிர்த்திச் சுற்றிப் பார்த்தன. ஆகவே மந்தையில் விழிப்பான ஒரு சேவல் இருப்பது வீண்செலவல்ல. குரல் கேட்டதும் ஓடி ஒளிய இடமும் வேண்டும். பொட்டல் முற்றத்தைவிட வாழையும் செடிகளும் முள் கட்டும் உள்ள கொல்லையே பாதுகாப்பு. செத்த காகத்தைக் கட்டித் தொங்கவிட்டுக் காகங்களை விரட்டுவதும், குஞ்சுகளுக்குச் சாயம் பூசுவதும் ஊர்ப்புற வழக்கங்கள். மூங்கிலில் பின்னிய பஞ்சாரம் பகல்நேரக் குஞ்சுக் காவலுக்கு மிக நல்ல கருவி. இரவுக்கு அது போதாது. மேலே கல்லை வைத்தாலும் நாய் கவிழ்த்துவிடும்.

சந்தையிலிருந்து வந்த கோழிக்கு வீடு எது என்று தெரியாது. வந்த அன்றே திறந்துவிட்டால் அந்தியில் மரத்திலோ மதிலிலோ அடையும். இருட்டில் கோழியின் பார்வை மங்கிவிடுவதால் உட்கார்ந்த இடத்திலேயே இரையாகும். ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை கூட்டிலேயே வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுத்தால் அந்தக் கூடு அதன் மனத்தில் வீடாகப் பதியும். பிறகு முதல் சில நாள், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது மட்டும் திறந்துவிட வேண்டும். “பா, பா” என்று அழைத்துக் கூட்டு வாசலில் கம்பு இறைத்தால் அடையும் நேரத்தில் தானே வந்துசேரும். கதவைச் சாத்துமுன் எண்ணிப் பார்க்கும் பழக்கம் இங்கே பெரிய காவல்.

இரவுக் கூட்டில் ஒரு கோழிக்குச் சுமார் ஒரு சதுர அடி இடம் போதும். முக்கியம் அதன் உறுதி. கோழி வலை எனக் கடைகளில் விற்கும் மெல்லிய அறுகோணக் கம்பி கோழியை உள்ளே நிறுத்துமே தவிர நாயை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் விலை கூடுதல்தான், ஆனால் காசை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. கூடு தரையில் இருந்தால் வலையை ஓரடி ஆழம் புதைக்க வேண்டும், அல்லது வெளிப்புறமாக ஓரடிக்கு மேல் மடித்து மண்ணும் கல்லும் போட வேண்டும். கால் வைத்து உயர்த்திய கூட்டுக்குக் கால்களில் தகரம் சுற்றலாம். கோழிகள் உட்காரும் கம்பு வலையோரம் இருக்கக் கூடாது. வெளியிலிருந்தே தலையைக் கவ்வி இழுக்கும் விலங்குகள் உண்டு. கதவுக்குக் கயிற்று முடிச்சு உதவாது, தாழ்ப்பாள் வேண்டும்.

கோபத்தில் விஷமோ சுருக்குக் கம்பியோ வைப்பது கொடுமை மட்டுமல்ல, குற்றமும்கூட. காட்டுப்பூனை, கீரி, மரநாய், சாரை, வல்லூறு ஆகியவை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பவை. எலியைத் தின்று கொல்லையைக் காப்பதும் இவைதாம். விஷம் வைத்த இறைச்சியை வளர்ப்பு நாயும் தின்னும்.

ஒருமுறை ருசி கண்ட விலங்கு அடுத்தடுத்த இரவுகளிலும் அதே இடத்துக்கு வரும். ஓட்டையை அடைக்கும்வரை மிஞ்சிய கோழிகளை வீட்டுக்குள்ளேயே கூடையில் அடைக்கலாம். பயந்த கோழி சில நாள் முட்டை நிறுத்தும். தாய் போய்க் குஞ்சுகள் மட்டும் தப்பியிருந்தால் அவற்றுக்குக் கதகதப்பு வேண்டும். மின்விளக்கு அதைத் தரும். வேறொரு கோழி அடையில் இருந்தால் இன்னும் நல்லது. பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளை இருட்டியபின் அதன் சிறகடியில் மெல்லச் செருகினால், பெரும்பாலும் விடிந்ததும் தன் குஞ்சுகளாகவே அழைத்துக்கொண்டு மேயக் கிளம்பும்.