கோமரத்தாடி

கோமரத்தாடி: தெய்வத்துக்குரிய கோலம் பூண்டு, அருள் வந்து ஆடிக் குறி சொல்பவர். தென்மாவட்ட வழக்கு. சங்கரன்கோவில், திருவேங்கடம் வட்டாரங்களில் சாமியாடி என்பதே பெருவழக்கு. கேரளத்தில் கோமரம், வெளிச்சப்பாடு.

கோலம்: சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் ஆடுபவர் மணிகள் தைத்த சல்லடமும் கச்சையும் குல்லாயும் அணிந்து, வல்லயமோ வெட்டரிவாளோ தீப்பந்தமோ ஏந்துவார். வில்லுப்பாட்டிலோ கணியான் கூத்திலோ சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு எழும்போது அருள் இறங்கும். பல்கேரியாவின் கூக்கரும் இடுப்பில் மணி கட்டியே ஆடுகிறார். ஆனால் அவர் முகமூடி அணிந்து தீயதை ஊரைவிட்டு விரட்டுபவர். கோமரத்தாடி தெய்வத்தைத் தம் உடம்புக்குள் வாங்குபவர். இவருக்கு முகமூடி கிடையாது. ஊரார் நாளும் பார்க்கும் முகமே அன்றிரவு சாமியின் முகம்.

வரலாறு: சங்க அகப்பாடல்களில் முருகனின் பூசாரியான வேலன் வெறியாடுகிறான். மகளின் மெலிவுக்கு முருகனே காரணம் என்று தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கிட்டுப் பார்த்து, மறி அறுத்துப் பலியிடுகிறான். மெலிவுக்குக் காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும். வெறியாட்டைப் பாடியதாலேயே ஒரு புலவர் வெறிபாடிய காமக்கண்ணியார் எனப் பெயர் பெற்றார்.

கோலத்தை நுணுக்கமாகக் காட்டுவது சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி. வேட்டுவரான எயினர் குடியில் சாலினி என்பவள் தெய்வமுற்று ஆடுகிறாள். குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கிறார்கள்: சடையில் பன்றிக் கொம்பே பிறையாகிறது, கழுத்தில் புலிப்பல் தாலி, இடையில் புலித்தோல், கையில் வில், ஊர்தியாகக் கலைமான். சாலினியின் அருள்வாக்கு வழிநடையில் களைத்திருந்த கண்ணகியைப் புகழ்கிறது. அவளோ நாணி, கணவனின் முதுகுப்புறம் ஒடுங்கி நிற்கிறாள். காப்பியத்தின் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இடைக்காலக் கல்வெட்டுகள் பெருங்கோயில்களையே பெரிதும் பேசுவதால், இவ்வாட்டம் பற்றி அவற்றிலிருந்து அறிவது குறைவு.

19ஆம் நூற்றாண்டில் இடையன்குடியில் வாழ்ந்த கிறித்தவ மறைப்பணியாளர் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் இவ்வாட்டத்தைப் 'பேயாட்டம்' என்ற சமயக் கண்ணோட்டத்தில் விவரித்தார். கண்டனத்தோடு எழுதப்பட்டாலும் அது பயனுள்ள பதிவே. வேலனின் நேர்வழித் தொடர்ச்சியே கோமரத்தாடி என்பர் ஒரு சாரார். தனித்தனி மரபுகள் பின்னர் கலந்திருக்கலாம் என்பர் மற்றொரு சாரார்.

அண்மைக்காலம்: கொடைகளில் இடப்படும் பலியையும் தடுத்த, தமிழ்நாட்டின் 1950ஆம் ஆண்டு உயிர்ப்பலித் தடைச் சட்டம் 2003இல் தீவிரமாக நடைமுறைப்படுத்தப்பட்டு, 2004இல் நீக்கப்பட்டது. கொடைகள் தொடர்கின்றன, சல்லட மணிகளும் ஒலிக்கின்றன.