சாவித் துளை இல்லாத வண்டி: இந்திய வீடும் ஆஃப்-ரோடு மோட்டார் சைக்கிளின் காவலும்

மோட்டோகிராஸ் பந்தயத்துக்கென உருவாக்கப்பட்ட மோட்டார் சைக்கிளில் சாவித் துளை இல்லை. உதைத்தாலோ பொத்தானை அழுத்தினாலோ எஞ்சின் உயிர்பெறும். கைப்பிடியில் உள்ள மற்றொரு பொத்தான் அதை அணைக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பிப் பூட்டும் வசதி இல்லை. முகப்பு விளக்கு இல்லை. பதிவெண் பலகை இல்லை. எடை நூறு கிலோவைச் சற்றே தாண்டும். இரண்டு பேர் தூக்கிச் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிவிட முடியும். பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள இந்தப் பொருளைக் காக்க அதனிடத்திலேயே எதுவும் இல்லை. அதன் காவல் முழுவதும் அது நிறுத்தப்படும் வீட்டைச் சார்ந்தது.

இந்நிலையை உற்பத்தியாளரின் கவனக்குறைவாகக் கொள்வது தவறு. பூட்டு எவ்வாறு வாகனத்துக்குள் நுழைந்தது, ஒரு வகை வாகனம் மட்டும் ஏன் அதைக் களைந்தது என்னும் வரலாற்றின் விளைவே இது. அவ்வரலாற்றை இந்தியச் சூழலில் தொடர்ந்து பார்த்தால், உடைமை என்பதை நவீன அரசு எவ்வாறு சாலையோடு பிணைத்தது என்பதும், சாலையை விட்டு விலகிய பொருளுக்கு என்ன நேர்ந்தது என்பதும் புலப்படும்.

கரடுமுரடான நிலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் போட்டிகள் இங்கிலாந்தில் வேரூன்றியவை. யார்க்ஷயரின் ஸ்காட் டிரையல் 1914-இல் தொடங்கியது. 1924-இல் சர்ரே மாவட்டத்தின் கேம்பர்லியில் நடந்த போட்டி, ‘ஸ்கிராம்பிள்’ என்னும் பெயரைப் பெற்றது. பின்னர் ஐரோப்பாவில் ‘மோட்டோகிராஸ்’ எனப் பெயர் மாறி, 1957-இல் உலகச் சாம்பியன் பட்டத்துக்குரிய விளையாட்டாயிற்று. தொடக்கத்தில் பங்கேற்றவை பெரும்பாலும் சாலையில் ஓடிய வண்டிகளே. போட்டிக்கு முன் விளக்கையும் தேவையற்ற தகடுகளையும் கழற்றிவிடுவார்கள். அக்கழற்றுதலே நாளடைவில் வடிவமைப்புக் கொள்கையாக நிலைபெற்றது. மேக்னட்டோ வகைப் பொறியூட்டல் இருந்ததால் மின்கலமே தேவைப்படவில்லை. மின்கலம் இல்லாத இடத்தில் சாவிக்கு வேலை இல்லை. சேற்றிலும் நீரிலும் பழுதாகக்கூடிய ஒவ்வோர் உறுப்பும் சுமையெனக் கருதப்பட்டது. பந்தயத் திடலில் வண்டியைச் சுற்றி எப்போதும் இயக்குநரும் உதவியாளரும் இருந்தனர். அங்கே மனிதரே காவல். அந்த மனிதர்கள் இல்லாத ஓர் இரவில், வீட்டின் பின்புறக் கொட்டகையில் வண்டி தனித்து நிற்கும் நிலையை அவ்வடிவமைப்பு கணக்கில் கொள்ளவில்லை.

சாலையில் ஓடிய வண்டியோ எதிர்த்திசையில் வளர்ந்தது. இந்தியாவில் 1914-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் அதன்பின் வந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் வாகனத்தை அரசுப் பதிவேட்டில் ஏற்றின. குதிரைக்கும் மாட்டு வண்டிக்கும் ஊரார் சாட்சி போதுமாயிருந்தது. மோட்டார் வாகனத்துக்கு எண்ணும் ஏடும் சாட்சிகளாயின. ஆனால் பதிவேடு பொருளின் உரிமையாளர் யார் என்பதைத்தான் சொல்லும்; பொருளைப் பிடித்து வைக்காது. பிடித்து வைக்கும் வேலை பூட்டினுடையது. அலிகாரில் 1870-இல் இங்கிலாந்துப் பூட்டுகளை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கிய ஜான்சன் நிறுவனம், 1890-இல் அங்கேயே உற்பத்தியைத் தொடங்கியது. 1897-இல் பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் பூட்டுத் தொழிலில் இறங்கினார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் இந்த நெடிய கைவினை மரபைச் சேர்ந்ததே. கதவுக்கும் பெட்டிக்கும் செய்யப்பட்ட இப்பூட்டுகளே, சங்கிலியின் துணையோடு இந்திய இருசக்கர வாகனத்தின் முதல் காவலாயின.

1960-களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய ஜாவா வண்டிகளின் சாவி இதற்கு நல்ல சான்று. அது பற்களால் வேறுபடுத்தப்பட்ட சாவியன்று. ஓர் உலோக முளை. ஒரு வண்டியின் முளை மற்றொரு வண்டியிலும் பொருந்தும். மின்சுற்றை இணைப்பதும் துண்டிப்பதுமே அதன் பணி. திருடனைத் தடுப்பது வீட்டின் பணியாகவே எஞ்சியிருந்தது. உரிம ஆட்சிக் காலத்தில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தவர்கள் பத்தாண்டுகள் வரையிலும் காத்திருந்த வரலாறு நன்கு அறியப்பட்டது. அவ்வளவு காத்திருந்து பெற்ற பொருள் இரவில் தெருவில் நிற்காது. வாசற்படியில் சாய்வுப் பலகை அமைத்து வண்டியைக் கூடத்துக்கோ நடைக்கோ ஏற்றும் வழக்கம் பல நகரங்களில் இருந்தது. வீட்டின் தாழ்ப்பாளே வண்டியின் பூட்டாகவும் அமைந்தது.

தாராளமயமாக்கலுக்குப் பின் இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கவில்லை. இன்று இந்தியாவில் பதிவு பெற்ற வாகனங்களில் சுமார் முக்கால் பங்கு இருசக்கர வாகனங்கள். வீடுகள் சிறுத்தன, வண்டிகள் தெருவுக்கு வந்தன. எனவே காவல் வீட்டிலிருந்து இயந்திரத்துக்கும், இயந்திரத்திலிருந்து அரசுப் பதிவேட்டுக்கும் பெயர்ந்தது. ஹேண்டில்பார் பூட்டு இயல்பான உறுப்பாயிற்று. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 122-ஆம் விதி, சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பொறிக்கக் கட்டாயப்படுத்தியது. 2001-இல் அறிவிக்கப்பட்ட உயர்பாதுகாப்புப் பதிவெண் பலகை, 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வாகனங்களுக்கு உற்பத்தியாளராலேயே வழங்கப்படுவதாயிற்று. கழற்றினால் மீண்டும் பயன்படாத பூட்டாணி, ஹாலோகிராம், லேசரால் பொறித்த நிரந்தர எண் ஆகியவை அதன் கூறுகள். ‘வாஹன்’ தரவுத்தளம் மாநிலப் பதிவேடுகளை ஒருங்கிணைத்தது.

இவ்வமைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. திருடப்பட்ட வண்டி முழு வண்டியாக ஓடினால்தான் எண் பேசும். உறுப்புகளாகப் பிரிக்கப்பட்டால் சேசிஸும் எஞ்சினும் தவிர மற்றவை ஊமையாகிவிடும். மீரட்டின் சோதிகஞ்ச் சந்தை, திருட்டு வாகனங்களைப் பிரித்து விற்பதற்காகப் பல்லாண்டுகள் பெயர்பெற்றிருந்து, 2021-ஆம் ஆண்டின் இறுதியில் காவல்துறை நடவடிக்கையால் மூடப்பட்டது. பதிவேடு முடியும் இடத்தில் அத்தகைய சந்தை தொடங்குகிறது.

ஆஃப்-ரோடு ஓட்டம் இந்தியாவில் பரவலான ஈடுபாடாக மாறியது இக்காலத்தில்தான். ரெய்டு டி ஹிமாலயா 1999-இல் தொடங்கியது. 2015-இல் சி.எஸ். சந்தோஷ் டக்கார் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார். 2011-இல் ஹீரோ இம்பல்ஸ், 2016-இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஆகியவை வந்தன. இவை இரு நோக்கு வண்டிகள்: சாவியும் பூட்டும் பதிவெண்ணும் உடையவை, சாலைச் சட்டத்தின் காவலுக்கு உட்பட்டவை. கவாஸாகியின் கே.எக்ஸ். வரிசை போன்றவை வேறு இனம். சாலையில் ஓட்ட அனுமதியின்றி, மூடிய தடங்களுக்கென்றே விற்கப்படுபவை. தோற்றத்தில் இவ்விரு இனங்களும் நெருங்கியவை. சட்டத்தின் பார்வையில் அவற்றின் இடைவெளி பெரிது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 39-ஆம் பிரிவு, பதிவு பெறாத மோட்டார் வாகனத்தைப் பொது இடத்திலோ வேறெந்த இடத்திலோ ஓட்டலாகாது என்கிறது. அதே சட்டத்தின் 2(28) பிரிவு, தொழிற்சாலையிலோ மூடிய வளாகத்திலோ மட்டும் பயன்படத்தக்க சிறப்பு வகை வாகனத்தை ‘மோட்டார் வாகனம்’ என்னும் வரையறையிலிருந்தே விலக்குகிறது. பந்தய வண்டி இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையே நிற்கிறது. பதிவு இல்லை, ஆகவே வாஹனில் இடமில்லை, பதிவுச் சான்றிதழும் இல்லை.

காப்பீட்டிலும் இதே கதைதான். 2021-இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்கொன்றில், தற்காலிகப் பதிவு காலாவதியான நான்கு சக்கர வாகனம் இரவில் விடுதிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தபோது திருடுபோனது. செல்லத்தக்க பதிவு இல்லாமையை ஒப்பந்தத்தின் அடிப்படை மீறலாகக் கருதிய நீதிமன்றம், இழப்பீடு தர வேண்டியதில்லை எனத் தீர்ப்பளித்தது. அது சாலை வாகனத்தைப் பற்றிய வழக்கு. ஆனால் பதிவே அறியாத வண்டியின் உரிமையாளர் அதில் தம் நிலையை வாசிக்கலாம். பதிவு பெற்ற இரு நோக்கு வண்டிக்கும் நிழல் முழுமையாக இல்லை. வழக்கமான ஒப்பந்தங்கள் பந்தயப் பயன்பாட்டை விலக்குகின்றன. வண்டி திருடுபோகாமல் துணைக்கருவிகள் மட்டும் திருடுபோனால் இழப்பீடு இல்லை. வண்டியைக் காக்க நியாயமான நடவடிக்கை அனைத்தையும் உரிமையாளர் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ‘நியாயமான நடவடிக்கை’ என்ற அத்தொடர், வீட்டின் பூட்டையும் சங்கிலியையும் மீண்டும் சட்டத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

குற்றவியல் சட்டம் மட்டும் வீட்டை மறக்கவில்லை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 379-ஆம் பிரிவு பொதுவான திருட்டுக்கு மூன்றாண்டுகள் வரை சிறைத் தண்டனை விதித்தது. மனிதர் வாழவோ பொருளைக் காக்கவோ பயன்படும் கட்டடத்தினுள் நடந்த திருட்டுக்கு 380-ஆம் பிரிவு ஏழாண்டுகள் வரை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303, 305 பிரிவுகள் இவ்வேறுபாட்டைத் தொடர்கின்றன. பொருளைக் காக்கும் கொட்டகையும் இதனால் சட்டத்தின் கண்ணில் மதிப்புப் பெறுகிறது. தெருவில் நிற்கும் வண்டிக்கும் கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்கும் இடையிலுள்ள சுவர், செங்கல்லால் மட்டும் ஆனதன்று.

இப்பின்னணியில்தான் வீட்டுக் காவலின் நுட்பங்களுக்குப் பொருள் விளங்கும். ஆஃப்-ரோடு வண்டியின் சக்கரம் விரைவில் கழற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அச்சாணியின் நட்டைத் தளர்த்தினால் போதும். ஆகவே சங்கிலி சக்கரத்தை மட்டும் சுற்றினால் திருடனுக்குச் சக்கரமே மிஞ்சாது, உரிமையாளருக்குச் சக்கரம் மட்டுமே மிஞ்சும். சங்கிலி சட்டகத்தின் ஊடே செல்ல வேண்டும். வண்டி தூக்கத்தக்க எடையுடையது என்பதால், வண்டியை அதனுடனேயே பூட்டும் டிஸ்க் பூட்டு தனித்து உதவாது. காங்கிரீட் தளத்தில் பதித்த இரும்பு வளையம் வேண்டும். சங்கிலி தரையில் கிடந்தால் வெட்டுக்கருவியின் ஒரு கையைத் தரையில் ஊன்றி உடல் எடை முழுவதையும் மறு கையின் மேல் செலுத்தலாம். உயர்த்திக் கட்டினால் அந்த வாய்ப்புக் குறையும். மின்கலத்தால் இயங்கும் சாணைக் கருவியை எந்தச் சங்கிலியும் நிரந்தரமாக எதிர்க்க இயலாது. நேரத்தையும் ஓசையையும் கூட்டுவது மட்டுமே இயலும். அந்த ஓசையைக் கேட்க வீட்டாரும் அண்டை வீட்டாரும் வேண்டும். வண்டியின் படத்தையும் ஓட்டப் பாதையின் வரைபடத்தையும் வலைத்தளங்களில் பகிரும் பழக்கம், மதிலுக்குள் மறைத்ததைத் தெருவுக்குச் சொல்லிவிடுகிறது.

இந்த நுட்பங்கள் அனைத்தும் ஒரு வீட்டை முன்னிறுத்துகின்றன: காங்கிரீட் தளம், தனிக் கொட்டகை, துளையிட உரிமை. வாடகை வீட்டின் மாடிப்படிக்குக் கீழே வண்டியை நிறுத்தும் இளம் பந்தய வீரருக்கோ, கடன் வாங்கி வண்டி வாங்கிய மெக்கானிக்கின் மகனுக்கோ அந்த உரிமை இல்லை. காவல் வீட்டிடம் திரும்பும்போது, வீட்டின் ஏற்றத்தாழ்வும் கூடவே திரும்புகிறது. ஒரே ஓர் இரவில் போன வண்டியோடு ஒரு விளையாட்டு வாழ்க்கையே முடிந்துவிடக்கூடியவர், பெரும்பாலும் பாதுகாப்பு மிகக் குறைந்த வீட்டில் வாழ்பவரே.

இதனைச் சட்டத்தால் ஓரளவு ஈடுசெய்யலாம் என்பதற்குப் பிரிட்டனின் 2023-ஆம் ஆண்டு உபகரணத் திருட்டுத் தடுப்புச் சட்டம் ஒரு முன்மாதிரி. முதன்மையாகச் சாலைக்கு அப்பால் பயன்படும் ஏ.டி.வி. வண்டிகளை அது கருத்தில் கொண்டது. புதிதாக விற்கப்படும் அவ்வகை வண்டிகளில் எஞ்சினை முடக்கும் கருவியும் தடய அடையாளமும் இருக்க வேண்டும் என விதிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. சாலைப் பதிவு இல்லாத வண்டிக்கும் உடைமை அடையாளம் உண்டு என்னும் ஏற்பு அதில் அடங்கியுள்ளது.

இந்தியாவில் அத்தகைய ஏற்பு வரும்வரை, பந்தய வண்டியின் பதிவேடு அதன் உரிமையாளரின் அலமாரியில்தான் இருக்கும். விற்பனை ரசீது, சட்டகத்தின் கழுத்தில் பொறித்த எண்ணின் படம், எஞ்சின் எண், வண்டியில் உள்ள கீறல்களையும் மாற்றிய உறுப்புகளையும் காட்டும் படங்கள் ஆகியவையே திருட்டுக்குப்பின் காவல் நிலையத்தில் அவ்வண்டிக்காகப் பேசக்கூடியவை. 1960-களின் ஜாவாக்காரர் தாழ்ப்பாளை நம்பினார். அவருக்குப் பின்னால் ஒரு பதிவுச் சான்றிதழும் இருந்தது. இன்றைய மோட்டோகிராஸ் வண்டிக்காரருக்குத் தாழ்ப்பாள் மட்டுமே இருக்கிறது. சான்றிதழை அவரே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.