மீண்ட பள்ளிவாசல், மீளாத கல்வி

அந்நிய ஆட்சியாளன் வெளியேறிய அன்றே அவன் விளைத்த கேடும் வெளியேறிவிடுகிறதா? இல்லை என்கிறது அல்ஜீரியாவின் வரலாறு.

1830-இல் பிரான்சு அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. அவ்வாண்டே வக்ஃபு சொத்துக்களின் மீதும் கை வைத்தது. 1832-இல் கெச்சாவா பள்ளிவாசல் தேவாலயமாக்கப்பட்டது. பள்ளிவாசல் பறிபோனது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வக்ஃபு பறிபோனதன் விளைவோ மெல்ல மெல்லவே தெரிந்தது. மதரஸாக்கள் நடந்ததும், உஸ்தாதுமார்கள் ஊதியம் பெற்றதும் அந்த வருவாயில்தான். அது நின்றதும் கல்விக்கூடங்கள் நலிந்தன.

இந்நிலையை மாற்ற, இமாம் அப்துல் ஹமீத் இப்னு பாதீஸ் அவர்கள் 1931-இல் உலமாக்கள் சங்கத்தை நிறுவினார்கள். அச்சங்கம் அரபிப் பள்ளிகளைத் திறந்தது. 1938-இல் வந்த அரசாணையோ, நாட்டில் பெரும்பாலோர் பேசிய அரபியையே அந்நிய மொழி என்று வகைப்படுத்தியது.

1962-இல் விடுதலை கிடைத்தது. அவ்வாண்டே கெச்சாவா மீண்டும் பள்ளிவாசலாயிற்று. ஆனால் பல்கலைக்கழகங்களில் மருத்துவமும் அறிவியலும் அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் பிரெஞ்சு மொழியிலேயே கற்பிக்கப்பட்டன.

பெற்றோர்களே! கட்டடத்தை ஒரே ஆண்டில் மீட்டுவிடலாம். அறுந்துபோன கல்வியை மீட்கத் தலைமுறைகள் வேண்டும். நம் மக்தபுகளையும் வக்ஃபுகளையும் கைவிட்டால், அவற்றைப் பறிக்க எவரும் படையெடுத்து வரவேண்டியதில்லை. நம் சந்ததியினருக்கு அல்லாஹ் பயனுள்ள கல்வியை நல்குவானாக! ஆமீன்.