மகன் இல்லை என்று சொன்னவர்கள்

 

யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த ஐயா எழுதிய கவிதைகள் ஒரு சிறு தொகுப்புக்குள் அடங்கிவிடும். அவர் எழுதிய மனுக்கள் அடங்காது. தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்து, காசு வாங்காமல், காலனிக் கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் அவர் எழுதிக் கொடுத்தவற்றில் பெரும்பாலானவை முதியோர் உதவித்தொகை மனுக்கள். அதனால் இந்த ஆண்டு அந்த மனுவின் வரலாற்றைப் பேசலாம் என்று நினைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓ.ஏ.பி. என்று ஆங்கில எழுத்திலேயே சொல்கிற பணம் அது. வயதான கூலிக்காரர் ஒருவர் தன் வீட்டில், தன் அடுப்பில், யார் முன்னாலும் கையேந்தாமல் இருக்க அரசு செய்துவைத்திருக்கும் ஏற்பாடு.

என் ஆயாவிலிருந்து தொடங்குகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஐந்தாவதோ ஆறாவதோ படித்துக்கொண்டிருந்தேன். நடவுக்கும் களைக்கும் குனிந்த ஆயாவின் முதுகு அதற்கு மேல் நிமிராமல் போய்விட்டது. அதற்கு இரண்டு மகன்கள். மூத்தவர் என் அப்பா. வருசத்தில் ஆறு மாதம் கரும்பு வெட்டப் போய்விடுவார். வாங்கிய முன்பணத்தைக் கழிக்கவே அந்தக் கூலி சரியாக இருக்கும். விசாரணைக்கு வந்த அதிகாரி, “மவன் இருக்கானா?” என்று கேட்டார். ஆயா, “இல்லீங்க சாமி” என்றது. அப்பா பத்தடி தள்ளிப் புளிய மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தார். அப்படிச் சொல்லும்படி சொல்லிக் கொடுத்ததே அவர்தான். பணம் சாங்ஷன் ஆனது. அன்று ராத்திரி ஆயா சோறு தின்னவில்லை. பிறகு ஒவ்வொரு முறை மணியார்டர் வரும்போதும் அப்பாவுக்கு ஒரு கட்டு பீடி வாங்கி மாடத்தில் வைக்கும். ஏன் என்று அப்பாவும் கேட்டதில்லை.

சமூகவியல் முதுகலை படித்தபோது ‘பயனாளிகளை அடையாளம் காணுதல்’ என்று ஒரு பாடம் இருந்தது. எனக்கு அந்தப் புளிய மரம்தான் நினைவுக்கு வந்தது.

இந்தியாவில் முதியோர் ஓய்வூதியத்தை முதலில் கொண்டுவந்த மாநிலம் உத்தரப் பிரதேசம், 1957இல். சென்னை மாநிலத்தில் காமராஜர் ஆட்சியில், 1962 ஏப்ரலில் அது வந்தது. மாதம் 20 ரூபாய். நாட்டில் மிகச் சில மாநிலங்களே இதை யோசித்த காலம் அது. அந்தப் பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அது யாருக்கு என்று எழுதியிருந்தார்கள்? ஆதரவற்றோருக்கு. வருமானம் இருக்கக் கூடாது. தாங்கக்கூடிய வயது வந்த மகன் இருக்கக் கூடாது. உழைத்து ஓய்ந்தவர் என்பது அங்கே தகுதியே அல்ல. கைவிடப்பட்டவர் என்பதுதான் தகுதி.

இந்த விதி எந்த வீட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்று யோசியுங்கள். நிலம் உள்ள வீட்டில் மகன் தகப்பனைத் தாங்குவதற்கு ஓர் அடிப்படை உண்டு. நாளைக்கு அந்த நிலம் அவனுக்குத்தான். சேரியில் தகப்பன் விட்டுப்போவது கடனும் மண்வெட்டியும். சொத்துள்ளவர்களின் குடும்பக் கணக்கைச் சொத்தே இல்லாதவர்களின் தலையில் வைத்து, உன் மகன் உனக்குச் சோறு போடுவான் என்று சட்டம் சொன்னது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்திலும் இதே கணக்குதான். தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பிள்ளையிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெறலாம். செங்கல் சூளையில் இருக்கும் பிள்ளையிடம் எதைப் பெறுவது?

விதி ஒரு பக்கம் இருக்கட்டும். ஆதரவற்றவர் என்று சான்று சொல்வது யார்? 1962இல் கிராமத்தில் அரசாங்கம் என்றால் மணியக்காரரும் கர்ணமும்தான். தகப்பனுக்குப் பின் மகன் என்று பரம்பரையாக வந்த பதவிகள் அவை. யாருடைய வயலில் அந்தக் கிழவர் உழைத்து ஓய்ந்தாரோ, அவருடைய பங்காளியோ சம்பந்தியோதான் அவருக்கு வயது எத்தனை, வருமானம் எவ்வளவு என்று எழுத வேண்டும். எம்.ஜி.ஆர். அரசு 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளை நீக்கியது. தேர்வு எழுதி வந்த வி.ஏ.ஓ.க்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். நம் பிள்ளைகளும் வி.ஏ.ஓ. ஆனார்கள். முதியோர் பணத்தின் வரலாற்றில் தொகை உயர்ந்த ஆண்டுகளைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் 1980ஐ அதற்கெல்லாம் முன்னால் வைப்பேன்.

அதே ஆண்டில் பக்கத்து மாநிலத்தில் வேறொன்று நடந்தது. கேரளத்தில் நாயனாரின் முதல் அரசு ‘கர்ஷகத் தொழிலாளி ஓய்வூதியம்’ என்று மாதம் 45 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1981இல் வந்த திட்டத்தின் பெயர் ‘ஆதரவற்ற விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியம்’. ஒரே சொல்தான் வித்தியாசம். அங்கே ஒருவர் தொழிலாளி என்பதற்காகப் பணம் வாங்கினார். இங்கே தொழிலாளியாக இருந்தது போதாது, நாதியற்றும் இருக்க வேண்டும்.

அம்பேத்கர் இதை எப்படிப் பார்த்தார்? 1947இல் வெளியான ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ நூலில் அவர் முன்வைத்த திட்டத்தில், காப்பீடு முழுவதும் அரசின் கையில் இருக்க வேண்டும். வயது வந்த ஒவ்வொருவரும் தம் கூலிக்கு ஏற்ப ஆயுள் காப்பீடு எடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அதில் இரக்கத்துக்கு இடமில்லை. உழைக்கும் காலத்துக் கூலியோடு இணைந்த பாதுகாப்பு அது. அரசமைப்புச் சட்டத்துக்கு வந்தபோது 41ஆம் பிரிவில் முதுமை, நோய், வேலையின்மைக்கான அரசு உதவி இடம்பெற்றது. ஆனால் அது வழிகாட்டு நெறிகளில் உட்கார்ந்தது. நீதிமன்றத்தில் போய் உரிமையாகக் கேட்க முடியாத இடம்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். முதியவர்கள் தங்கள் வீட்டிலேயே நலமாக, சுயமாக வாழ வேண்டும் என்று இப்போது எல்லா அறிக்கைகளிலும் எழுதுகிறார்கள். நல்ல எண்ணம்தான். நம் பாட்டன்களுக்கு வீடு எது? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காக நாம் படிக்கிறோம். அதைக் குடியிருப்பு மனைக்காகவும் படிக்க வேண்டும். சேரி இருந்த மண்ணையே மிராசுதார் தன்னுடையது என்றார். எதிர்த்துப் பேசினால், தனக்கென்று நிலம் கேட்டால், குடிசையைக் காலி செய் என்றார். வேலை செய்யும்வரை குடிசை. உடம்பு விழுந்தால் அதுவும் சந்தேகம். வயது முதிர்ந்தவர்களும் களம் காத்ததையும் மாடு மேய்த்ததையும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓய்வு என்று ஒரு பருவமே அந்த வாழ்க்கையில் இல்லை. குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு மனையின் உரிமையைக் கொடுத்த சட்டம் 1971இல்தான் வந்தது. இன்று ஓ.ஏ.பி. வாங்குபவர்களில் பலர் அதற்கு முன்பே பிறந்தவர்கள். தன் வீடு என்பது அவர்கள் ஆயுளுக்குள் வந்து சேர்ந்த ஒரு பொருள்.

அந்த வீடும் எப்படி இருக்கிறது? காலனிகளில் கட்டிய பழைய தொகுப்பு வீடுகளைப் பாருங்கள். கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. வாசற்படி முழங்கால் உயரம். மூட்டுவலிக்காரர் ஒருவர் கழிப்பறைக்குப் போய் வரக் கைப்பிடி ஒன்றுகூட இல்லை. இடுப்பு எலும்பு முறிந்தால் அதோடு சுய வாழ்வு முடிந்தது.

மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் பங்கு 75 ரூபாய். 2006இல் 200 ஆக்கினார்கள். 2011இல் தகுதி வயதை 65இலிருந்து 60க்கு இறக்கி, 80 வயதானவர்களுக்கு 500 என்றார்கள். அந்த 200 இன்றும் அதே 200தான். மீதியை மாநிலம்தான் போடுகிறது. தமிழ்நாடு 2011இல் 1,000 ரூபாய் ஆக்கியது, 2023இல் 1,200. காங்கிரஸ் மாறி பா.ஜ.க. வந்தும் டெல்லிக்கு இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இல்லை.

பணம் கைக்கு வந்து சேர்வது தனிக் கதை. மணியார்டர் காலத்தில் தெருவுக்குள் வராமல் ஊர் எல்லையிலேயே நின்று, கமிஷன் பிடித்துக்கொண்டு கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு வங்கி முகவரும் கைரேகை இயந்திரமும் வந்தன. கமிஷன் குறைந்தது. ஆனால் அறுபது வருசம் சேற்றிலும் சுண்ணாம்பிலும் கிடந்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? எங்கள் தெருவில் ஒரு சின்னாயி, பணம் போடும் வாரத்தில் விரலைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக்கொண்டு போகும். அப்படியும் மூன்றாவது தடவையில்தான் விழும். விழாத மாதமும் உண்டு.

அதே சின்னாயி வீட்டுக்குத்தான் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாசலுக்கே வருகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அது. வருகிற பெண் தன்னார்வலர் சுய உதவிக் குழுக்காரர், அதே காலனிக்காரர். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் இதில் உண்டு. குறைகள் இருக்கின்றன, மாத்திரை தீர்ந்துபோகிற வாரங்கள் இருக்கின்றன. என்றாலும் இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. வாசலில் நின்று ரத்த அழுத்தம் பார்க்கிற அந்தப் பெண் சின்னாயியிடம் மகன் இருக்கிறானா என்று கேட்பதில்லை. நோய் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார். ஓ.ஏ.பி. மனுவும் அப்படி வயதையும் உழைப்பையும் மட்டும் கேட்டிருந்தால் என் ஆயா பொய் சொல்லியிருக்க வேண்டாம்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்டு நிறுத்திக்கொள்கிறேன். ஐயா எழுதிய மனுக்களின் கார்பன் நகல்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அவர் வீட்டில் இருக்கின்றன. மனு கொடுத்தவர் பெயர், வயது, செய்த வேலை, எத்தனை முறை தள்ளுபடி ஆனது, என்ன காரணம் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். ‘மகன் உள்ளார்’ என்ற காரணம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இதைப் படியெடுத்துப் பட்டியலாக்க நான்கு பேர், இரண்டு மாதம் வேண்டும். கூடவே, உங்கள் தாலுகாவில் கடந்த ஐந்து ஆண்டுகளில் தள்ளுபடியான மனுக்களின் காரணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பெட்டியின் அடிப்பக்கம் கரையான் ஏறிவிட்டது. மழைக்கு முன்னால் வாருங்கள்.