கத்திப்பாராவில் புகை குறைந்ததா? மேம்பாலக் காற்றுக் கணக்கின் எல்லை குறித்து

நெரிசல் மிகுந்த சந்திப்பில் பலவழி மேம்பாலம் கட்டப் பரிந்துரைக்கும் அறிக்கைகளில் ஒரு வாதம் தவறாமல் இடம்பெறும்: சிக்னலில் வண்டிகள் நிற்காது, எரிபொருள் மிச்சமாகும், ஆகவே புகை குறையும். ஒரு வண்டி ஒரு முறை கடப்பதை மட்டும் பார்த்தால் இது பெரும்பாலும் சரி. ஆனால் மூச்சு விடுபவர் ஓர் இடத்தில் நிற்கிறார். அந்த இடத்தை நாள் முழுதும் கடக்கும் எல்லா வண்டிகளின் கழிவும் அவருக்குத்தான் வந்து சேர்கிறது. கணக்கின் அலகை வண்டியிலிருந்து இடத்துக்கு மாற்றினால் விடையும் மாறக்கூடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னை கத்திப்பாரா இதற்கு ஏற்ற களம். ஜி.எஸ்.டி. சாலை, அண்ணா சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி சாலை நான்கும் கூடும் அந்த ரவுண்டானாவின் மேல் எழுந்த மேம்பாலம் 2008-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய ரவுண்டானாவில் காலை நேரத்தில் சிக்கியவர்கள் யாரும் அது தேவையற்றது என்று சொல்லமாட்டார்கள்.

நெரிசல் நீங்கினால் உடல்நலம் மேம்படும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையாகாது. பொருளியலாளர்கள் ஜேனட் கரியும் ரீட் வாக்கரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் சுங்கச்சாவடிகள் மின்னணு வசூலுக்கு மாறியபின், சாவடியருகே வாழ்ந்த தாய்மாரிடையே குறைப்பிரசவமும் எடைகுறைந்த பிறப்பும் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாகக் காட்டியது. ஆனால் அங்கே வரிசை மட்டும்தான் கலைந்தது. புதிய பாதை எதுவும் சேரவில்லை. மேம்பாலம் வரிசையைக் கலைப்பதோடு கொள்ளளவையும் கூட்டுகிறது. அதே 2011-இல் பொருளியலாளர்கள் டுரான்டனும் டர்னரும் அமெரிக்க நகரங்களில் கண்டது, நெடுஞ்சாலை நீளம் எவ்வளவு கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது என்பது. இருசக்கர வாகனங்கள் நிறைந்த சென்னைக்கு அந்த விகிதத்தை அப்படியே பொருத்த முடியாது. திசையைப் புறக்கணிக்கவும் முடியாது.

கத்திப்பாரா மேம்பாலத்தின் வடிவமும் கவனிக்கத்தக்கது. இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில், இதழ் வடிவ வளைவில் வலப்புறம் திரும்ப வேண்டியவர் நேராகச் சந்திப்பைக் கடந்து, இடப்பக்கமாக 270 பாகை சுற்றி வருகிறார். வளைவில் நுழையுமுன் பிரேக், வெளியேறும்போது முடுக்கம், ஏற்றத்தில் இன்னும் அதிக முடுக்கம். ஒரு வளைவிலிருந்து இறங்குபவரும் அடுத்த வளைவுக்குள் நுழைபவரும் குறுகிய ஒரு நீளத்தில் ஒருவரையொருவர் குறுக்கிட்டே ஆகவேண்டும். சுமை லாரி அந்த இடத்தில் கியர் குறைத்து உறுமுவதைக் கேட்டவர்களுக்கு, சராசரி வேகத்தை மட்டும் வைத்துப் போடும் உமிழ்வுக் கணக்கு எதைத் தவறவிடுகிறது என்பது புரியும். பிரேக் தேய்மானம், டயர் துகள், கிளம்பும் சாலைத் தூசி ஆகியவை புகைக்குழாய் வழியே வருவதில்லை. எல்லா வண்டிகளும் மின்சாரத்துக்கு மாறினாலும் அவை இருக்கும்.

மேல்தளத்துப் புகையைக் காற்று ஓரளவு கலைத்துவிடும். தளத்துக்கு அடியில் நிலைமை வேறு: தூண்களும் கூரையும் காற்றோட்டத்தைத் தடுக்கும் இடத்தில்தான் மாநகரப் பேருந்துகளும் ஷேர் ஆட்டோக்களும் இன்ஜினை அணைக்காமல் ஆள் ஏற்றுகின்றன. 2021 டிசம்பரில் அதே நிழலில் கடைகளும் இருக்கைகளுமாக நகர்ப்புறச் சதுக்கம் திறக்கப்பட்டது. வீணாகக் கிடந்த நிலத்தைப் பொதுமக்களுக்குத் தந்தது நல்ல காரியம். ஆனால் சாலையோர மாசின் தாக்கம் 300 முதல் 500 மீட்டர் வரை மிகுதி என்று அமெரிக்காவின் உடல்நல விளைவுகள் நிறுவனம் 2010-இல் மதிப்பிட்டிருந்தது. அந்த வட்டத்தின் நட்டநடுவில் குழந்தைகளை விளையாட அழைக்குமுன் காற்றை அளந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆலந்தூர் பேருந்துப் பணிமனையில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் உண்டு. நுண்துகள் பி.எம். 2.5-க்கு இந்தியா வகுத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம்; உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 5. இரண்டில் எதை அளவுகோலாக எடுத்தாலும், பணிமனை எண் தளத்தடிக் காற்றின் எண் ஆகிவிடாது. பழைய எண்களோடு ஒப்பிட்டு மேம்பாலத்தின் பங்கைப் பிரிப்பதும் எளிதன்று: சென்னைக்கு 2010-இல் பாரத் 4 உமிழ்வுத் தரம், 2015-இல் ஆலந்தூர் வரை மெட்ரோ, 2020-இல் பாரத் 6 என ஒவ்வொன்றும் காற்றை மாற்றியிருக்கும். இனிக் கட்டப்போகும் சந்திப்புகளிலாவது, மேம்பாலம் இல்லாத ஒத்த சந்திப்பு ஒன்றையும் சேர்த்து, பணிக்கு முன்பிருந்தே அளந்தால்தான் விடை கிடைக்கும்.

சட்டம் இதைக் கேட்பதில்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் 2013 திருத்தமும் தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்தை முதலில் நீளத்தால் எடைபோடுகின்றன; 100 கிலோமீட்டர் என்ற அந்த வாசலுக்குள் ஒற்றைச் சந்திப்பு நுழைவதே இல்லை. அமெரிக்காவிலோ நுண்துகள் வரம்பை மீறிய பகுதிகளில், டீசல் வண்டிகள் மிகுந்த புதிய சந்திப்புக்குக் குறிப்பிட்ட அந்த இடத்தின் காற்றையே தனியாகக் கணித்துக் காட்ட வேண்டும். நாமும் கேட்கலாம்: கணிப்பின் எல்லை சந்திப்போடு நிற்காமல், நெரிசல் நகர்ந்து சேரும் அடுத்த சிக்னல் வரை நீள வேண்டும்; கட்டுமானக் காலத் தூசியும் மாற்றுப்பாதை நெரிசலும் அதில் சேர வேண்டும்; அளவீடு மூச்சு விடும் உயரத்தில் நடக்க வேண்டும். நைட்ரஜன் டை ஆக்ஸைடை அளக்க மின்சாரம்கூடத் தேவைப்படாத சிறு குழாய்களை பிரிட்டன் உள்ளாட்சிகள் விளக்குக் கம்பங்களில் கட்டிவைக்கின்றன. கத்திப்பாராவில் தூண்களுக்குப் பஞ்சமில்லை.