சுண்ணாம்பும் காவியும்

ஐவரி, கிரீம், சந்தனம், பிஸ்கட் என்று ஷேட் கார்டில் அடுத்தடுத்து நிற்கும் நிறங்களைப் பார்த்ததும், ஒரே நிறத்துக்குப் பத்துப் பெயர் வைத்து விற்கிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பெயர்கள்தான் புதியவை. சுவருக்கு வெள்ளையடித்த காலத்திலேயே இந்த நிறங்கள் இருந்தன. கிளிஞ்சல் சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று இருக்கும். கல் சுண்ணாம்போ கல்லோடு வந்த களிமண்ணுக்கும் இரும்புக்கும் ஏற்பப் பழுப்பேறும். அதில் மஞ்சள் காவி சேர்ந்தால் சந்தனச் சாயல். செங்காவி சேர்ந்தால் இளஞ்சிவப்பு. இரண்டுக்கும் நிறம் தருவது இரும்புதான். மஞ்சள் காவியைச் சுட்டால் அதிலுள்ள நீர் நீங்கிச் செங்காவியாகிவிடும். வீட்டில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள்தூள் இதற்கு உதவாது. ஆரத்தித் தட்டில் பார்க்கிறோமே, சுண்ணாம்பு பட்டதும் அது சிவந்துவிடும், வெயிலில் வெளிறியும் போகும். காவி சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். நம் சுவர்களின் வெதுவெதுப்பான நிறங்கள் காவியைச் சுற்றியே அமைந்ததற்கு இதுவே காரணம்.

தூய வெள்ளையைத்தானே விரும்பினார்கள், அதற்காகத்தானே நீலம் கலந்தார்கள் என்று கேட்கலாம். 1828-இல் பிரான்சின் கிமே என்பவர் செயற்கை அல்ட்ராமரீனைச் செய்துகாட்டிய பிறகுதான் அந்த நீலம் மலிவானது. நீலத்தின் வேலை சுண்ணாம்பின் மஞ்சளை மறைப்பது. அந்த மஞ்சளைக் கண்டுகொண்டவர்தான் நீலத்தைத் தேடியிருக்க முடியும். ஆகவே நீலம், அந்தக் கண்களின் கூர்மைக்கே சாட்சி. ஒருமுறை கலந்த நிறம் மறுமுறை அப்படியே வராதே என்பது இதைவிட வலுவான மறுப்பு. அது உண்மை. ஆலை மாற்றியதும் அதைத்தான். 1946-இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை, கடற்கரை மணலின் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுத்தது. பெயிண்டுக்கு மாறாத வெண்மை தருவது அந்தப் பொடி. பின்னர் வந்த கலவை இயந்திரம் சொட்டுக் கணக்கையும் மாறாமல் காத்தது. ஆனாலும் கிரீமும் சந்தனமும் வேண்டுமென்றால், அந்த இயந்திரம் பெரும்பாலும் மஞ்சள், சிவப்பு இரும்பு ஆக்சைடுகளைத்தான் சொட்டுகிறது. ஆலை தந்தது புது நிறத்தை அல்ல, அதே நிறம் திரும்ப வரும் என்ற உறுதியை.

எனவே இரண்டு கார்டுகளுக்கு நடுவே தடுமாறுபவர்கள் பெயரைப் பார்க்க வேண்டாம். எது மஞ்சள் காவிப் பக்கம் சாய்கிறது, எது செங்காவிப் பக்கம் என்று பாருங்கள். பிறகு சுவரில் ஓரிடத்தில் அடித்து, நன்றாகக் காய்ந்த பின் முடிவெடுங்கள்.